சட்டியில் இருப்பதும் அகப்பையில் வருவதும்: ஊழியர் தவறினால் ஞானஸ்நானம் என்னாகும்?

ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது என் சித்தி பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து வந்து மெல்லக் கேட்டார்: "எனக்கும் உங்க அம்மைக்கும் ஞானஸ்நானம் கொடுத்த ஐயர் பின்னாடி சபைப் பணத்துல கைவச்சு மாட்டினாருல்லா. அப்போ எங்க ஞானஸ்நானம் செல்லுமா, செல்லாதா?"

எங்கள் பக்கத்து சிஎஸ்ஐ சபைகளில் போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். சித்தி கேலியாகக் கேட்கவில்லை. அறுபது வயதைத் தாண்டியவர், இத்தனை வருஷமாக மனதுக்குள் வைத்திருந்த கேள்வி அது. இலை போட்டுவிட்டார்கள், பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்கு நான் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சித்தியின் கேள்விக்கு 1,700 வயது. இதே கேள்விக்காக ஒரு காலத்தில் வட ஆப்பிரிக்காவில் சபை இரண்டாகப் பிளந்தது, ஊருக்கு இரண்டு ஆயர்கள் (சபைத் தலைவர்கள்) இருந்தார்கள், அடிதடியும் கொலையும் நடந்தன.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். கிறிஸ்தவ மார்க்கத்துக்குள் ஒருவரைச் சேர்க்கும் தண்ணீர்ச் சடங்கை சீர்திருத்தச் சபையார் ஞானஸ்நானம் என்பார்கள், கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள். அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு ஒருவருக்கு இராப்போஜனம், இன்னொருவருக்கு நற்கருணை. இப்படிப்பட்டவற்றுக்குப் பொதுப்பெயர் திருவருட்சாதனம். கடவுளின் அருள் மனிதருக்கு வந்துசேரும் வழி என்று பொருள். அந்த வழியில் இடையில் நிற்பவர் ஒரு மனிதர்: ஆயர், குரு, பாஸ்டர், பங்குச்சாமி, எந்தப் பெயரானாலும் சரி. கடன் இருக்கும், கோபம் வரும், பயம் வரும், சில சமயம் அசிங்கமான பாவமும் இருக்கும். அவர் கையால் வந்தது சுத்தமா என்பதுதான் கேள்வி.

கதை கி.பி. 303-இல் தொடங்குகிறது. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஆணை போடுகிறார்: கிறிஸ்தவர்களின் கூடுமிடங்களை இடிக்க வேண்டும், வேதப் புத்தகங்களைப் பறிமுதல் செய்து எரிக்க வேண்டும். அந்த வருஷம் மே 19-ஆம் தேதி சிர்த்தா என்ற ஊரில் சோதனை நடந்தது. இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரம்தான் அது. ஊர்த்தலைவர் முனாசியஸ் ஃபெலிக்ஸ் எழுத்தரையும் கூட்டிக்கொண்டு கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்கு வந்தார். கிடைத்ததையெல்லாம் எழுத்தர் பட்டியல் போட்டார், அந்தப் பட்டியல் இன்றுவரை இருக்கிறது: தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளி விளக்கு 7, பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 ஜோடி, பெண்கள் செருப்பு 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்த உடுப்புகளாக இருக்கலாம். ஜப்தி நோட்டீஸ் மாதிரி உணர்ச்சியே இல்லாத பட்டியல்தான். ஆனால் எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த 47 ஜோடி செருப்பு கண்முன் வந்து நிற்கும்.

அதிகாரிக்கு வேண்டியது புத்தகம். "எங்கே உங்கள் வேதம்?" என்று கேட்கிறார். ஆயர் பவுல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். "புத்தகங்கள் வாசகர்களிடம் இருக்கின்றன" என்கிறார். வாசகர் என்றால் ஆராதனையில் வேதம் படிக்கிறவர். புத்தகத்தைத் தன் வீட்டில் வைத்துக் காப்பதும் அவர் பொறுப்பு. அதாவது, என்னிடம் இல்லை, அவர்களிடம் போய்க் கேள் என்று கைகாட்டுகிறார் ஆயர். சில்வானுஸ் என்ற துணைத் திருத்தொண்டர் (ஆயருக்குக் கீழே ஊழியம் செய்யும் ஒரு பதவி) ஒரு வெள்ளிப் பெட்டியையும் ஒரு வெள்ளி விளக்கையும் கொண்டுவந்து கொடுக்கிறார். பெரிய சாடிக்குப் பின்னால் இருந்ததாம். அவரைப் போன்ற இன்னொருவர் மிகப் பெரிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொடுக்கிறார். வாசகர்களின் பெயரைச் சொல்லச் சொன்னபோது இரண்டு துணைத் திருத்தொண்டர்கள் மட்டும் மறுத்துவிட்டார்கள். "நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் இல்லை. இதோ நிற்கிறோம், கொல்லச் சொல்லுங்கள்" என்றார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் சற்று முன்பு அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்துக்கொடுத்த கத்துல்லினுஸ்! ஒரே ஆள், ஒரே பகல். பயந்து புத்தகத்தைக் கொடுத்தவர், ஆளைக் காட்டிக்கொடு என்றதும் உயிரைக் கொடுக்கத் துணிந்தார். அவரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது?

அப்புறம் ஊர் அலுவலக எழுத்தர்களே வாசகர்களின் வீடுகளைக் காட்டினார்கள். வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களை அள்ளினார்கள்: ஒரு வீட்டில் ஐந்து, இன்னொன்றில் எட்டு.

இப்படிக் கொடுத்தவர்களுக்கு லத்தீனில் 'திராதித்தோரேஸ்' என்று பெயர் வந்தது. கையளித்தவர்கள் என்று அர்த்தம். துரோகியைக் குறிக்கும் 'டிரெய்ட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததுதான்.

துன்புறுத்தல் ஓய்ந்தது. மறைந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள், சிறையில் சித்திரவதை பட்டவர்களும் வந்தார்கள். இனி யார் யாரை நம்புவது? கார்த்தேஜ் நகரத்துக்கு செசிலியன் என்பவர் ஆயரானபோது வெடித்தது. அவரை அபிஷேகம் செய்த ஆயர்களில் ஒருவரான ஆப்துங்கா ஊர் ஃபெலிக்ஸ், புத்தகம் கொடுத்தவர் என்று குற்றச்சாட்டு. கொடுத்தவனின் கைபட்டு ஆயரானவர் ஆயரே இல்லை, அவர் கொடுக்கும் ஞானஸ்நானம் வெறும் குளியல் என்று நுமிடியா நாட்டு ஆயர்கள் சொல்லிவிட்டுத் தங்களுக்கென்று தனி ஆயரை வைத்துக்கொண்டார்கள். அவருக்கு அடுத்து வந்தவர் டொனாட்டஸ். அவர் பெயரால்தான் அந்தக் கட்சி டொனாட்டிஸ்ட் என்று அழைக்கப்பட்டது. ஃபெலிக்ஸ் மேல் சொன்ன புகார் பொய், ஆதாரமாகக் காட்டிய கடிதத்தில் வரிகளைப் பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள் என்று அரசு விசாரணையில் தெரிந்தது. ஆனாலும் பிளவு ஆறவில்லை. ஆறவும் ஆறாது, ஏனென்றால் சண்டை அந்த ஒரு ஃபெலிக்ஸைப் பற்றியது மட்டும் இல்லை.

டொனாட்டிஸ்டுகளை வறட்டுப் பிடிவாதக்காரர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். அவர்கள் வாதத்தைத் தமிழில் சொன்னால் நம்மில் பாதிப் பேர் தலையாட்டுவோம்: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தன்னிடம் பரிசுத்தம் இல்லாத ஆள் இன்னொருவருக்கு எப்படிப் பரிசுத்தத்தைக் கொடுப்பார்? கெட்ட மரம் நல்ல கனி கொடுக்குமா என்று இயேசுவே கேட்டிருக்கிறாரே! கொடுப்பவரின் மனச்சாட்சி சுத்தமாக இருந்தால்தான் பெறுபவரின் மனச்சாட்சி சுத்தமாகும். அதனால் எதிர்த்தரப்பிலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எதிர்த்தரப்பு பயன்படுத்திய ஆலயம் கைக்கு வந்தால் சுவரைக்கூடக் கழுவினார்கள் என்று அவர்களோடு வாதாடிய மிலேவிஸ் ஊர் ஆயர் ஒப்டாட்டஸ் எழுதியிருக்கிறார். இதற்குப் பின்னால் வெறும் தர்க்கம் மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை, காயம் இருந்தது. சிறையில் செத்தவனின் மனைவி, புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டில் இருந்த சாமியின் கையிலிருந்து அப்பம் வாங்க வேண்டும் என்றால், அவள் கை நீளுமா?

ஆனால் வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்கு ஒரு பெயரும் உண்டு: சில்வானுஸ்.

சாடிக்குப் பின்னாலிருந்து வெள்ளி விளக்கை எடுத்துக்கொடுத்தாரே, அதே சில்வானுஸ். சில ஆண்டுகள் கழித்து அவரே சிர்த்தாவின் ஆயரானார். கார்த்தேஜில் சுத்தக் கட்சிக்கென்று தனி ஆயரை ஏற்படுத்தியவர்களில் அவரும் ஒருவர்! 320-ஆம் ஆண்டு அவருக்கும் அவருடைய திருத்தொண்டர் ஒருவருக்கும் மனஸ்தாபம். திருத்தொண்டர் நேராக அரசு அதிகாரி செனோஃபிலஸிடம் போய்விட்டார். 303-இல் எழுதிய பழைய சோதனைப் பதிவைக் கொண்டுவந்து விசாரணையில் வாசித்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. லூசில்லா என்ற பணக்காரப் பெண் கொடுத்த 400 பை நாணயத்தை ஆயர்கள் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டார்கள், ஏழைகளுக்கு ஒன்றும் போகவில்லை. சலவைத் தொழில் செய்த ஒருவரிடம் 20 பை வாங்கிக்கொண்டு அவரைக் குருவாக்கினார்கள். இத்தனைக்கும் இது 'நாங்கள்தான் சுத்தம்' என்ற பக்கத்தில் நடந்தது. ஊருக்கு உபதேசம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கொடுப்பவரின் சுத்தத்தைப் பொறுத்துத்தான் ஞானஸ்நானம் செல்லும் என்றால், சில்வானுஸ் கையால் பெற்றவர்கள் 320 வரை ஞானஸ்நானம் பெற்றவர்கள், பதிவை வாசித்த அன்று மாலையிலிருந்து பெறாதவர்களா? அல்லது ஆரம்பத்திலிருந்தே இல்லையா? அப்படியானால் இன்னும் மாட்டாத ஆயரிடம் பெற்றவர் எதை நம்பி இரவில் கண்ணயர்வார்? தனக்குக் கொடுத்தவர், அவருக்குக் கொடுத்தவர், அவருக்கும் முன்னால் இருந்தவர் என்று போய்க்கொண்டே இருந்தால் முடிவே கிடையாது. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்று நம் ஊரில் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு, ஆனால் இங்கேயும் பொருந்துகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அகஸ்டின். ஹிப்போ நகரத்து ஆயர், இன்றைக்கு அது அல்ஜீரியாவின் அன்னாபா. அவர் விடையைச் சுருக்கமாகச் சொன்னால்: சட்டியே ஆயருடையது இல்லை. அவர் வெறும் அகப்பை. பழமொழி என்னுடையது, கருத்து அவருடையது. ஞானஸ்நானம் கொடுப்பது கிறிஸ்து. சீடர் பேதுரு கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார் என்று பிரசங்கித்தார். அவர் சொன்ன உவமை விவசாயிகளுக்குப் புரிகிற உவமை. கல் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் தோட்டத்துக்கு ஓடுகிறது. கல்லில் ஒரு புல்கூட முளைப்பதில்லை. அதற்காகத் தோட்டம் காய்கிறதா?

இன்றைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் உங்கள் நிலத்தைப் பதிந்து கையெழுத்துப் போட்ட அதிகாரி, அடுத்த மாதம் லஞ்ச வழக்கில் கைதாகிறார். முறைப்படி பதிந்த உங்கள் பத்திரம் அதனால் ரத்தாகிவிடாது. அவர் போட்டது அரசாங்கத்தின் முத்திரை, அவர் வீட்டு முத்திரை இல்லை.

பிற்காலத்தில் இந்தக் கருத்துக்கு லத்தீனில் 'எக்ஸ் ஓப்பரே ஓப்பராத்தோ' என்று பெயர் வைத்தார்கள். 'செய்யப்பட்ட செயலைக் கொண்டே' என்பது நேர்ப்பொருள். பெறுகிறவர் விசுவாசத்தோடு பெறாவிட்டால் பலன் தராது என்பது வேறு விஷயம், அதை யாரும் மறுக்கவில்லை. கொடுப்பவரின் யோக்கியதை குறுக்கே நிற்காது என்பதுதான் விஷயம். லத்தீன் சொற்றொடரைப் பற்றிச் சபைகளுக்குள் பிறகு நிறையச் சண்டை வந்தாலும், இந்த ஒரு புள்ளியில் எதிரும் புதிருமாக நின்றவர்கள்கூட ஒத்துப்போனார்கள். லூத்தரன் சபையாரின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, எட்டாம் பிரிவில் டொனாட்டிஸ்டுகளின் பெயரைச் சொல்லியே மறுக்கிறது. கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் அதையே சொன்னது. இங்கிலாந்து சபையின் 39 பிரிவுகளில் 26-ஆவது, ஊழியரின் தகுதிக்குறைவு சாதனத்தின் பலனைத் தடுக்காது என்கிறது.

செயலைக் கொண்டு என்றால், செயல் சரியாக நடந்திருக்க வேண்டும் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில் 2022-இல் ஒரு செய்தி வந்தது. அங்கே ஒரு கத்தோலிக்கக் குரு இருபது வருஷத்துக்கும் மேலாக, "நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதற்குப் பதிலாக "நாங்கள் உனக்கு அளிக்கிறோம்" என்று சொல்லி வந்திருக்கிறார். சபை மொத்தமும் சேர்ந்து வரவேற்கிறதே என்ற நல்லெண்ணமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 2020-இலேயே வத்திக்கான் அந்த வாசகம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் பெற்ற திருமுழுக்கு செல்லாது என்று ஆயிற்று, மறுபடி பெற வேண்டியதாயிற்று. அந்தக் குரு வருத்தம் தெரிவித்துப் பங்குப் பொறுப்பிலிருந்து விலகினார். விநோதத்தைப் பாருங்கள்: பணம் திருடியவர் சரியான சொல்லைச் சொன்னால் செல்லும், நல்லவர் ஒரு சொல்லை மாற்றினால் செல்லாது. எனக்கே இது கொஞ்சம் உறுத்தும். ஆனால் தர்க்கம் ஒன்றேதான். 'நான்' என்ற சொல்லில் பேசுவது கிறிஸ்து என்பது நம்பிக்கை. குருவின் நல்ல குணமோ சபையின் நல்லெண்ணமோ அந்த இடத்துக்கு வர முடியாது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தக் கோட்பாட்டை யாருக்காகச் சொன்னார்கள் என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சித்தியைப் போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பயப்படாமல் இருப்பதற்காகச் சொன்னது இது. மேடையில் நிற்பவர் தப்பிப்பதற்காக இல்லை. 26-ஆம் பிரிவை முழுதாகப் படித்தால் அதன் பின்பாதியில், கெட்ட ஊழியர்களைப் பற்றி விசாரிக்க வேண்டும், குற்றம் தெரிந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும், குற்றம் உறுதியானால் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று இருக்கிறது. பத்திரம் செல்லும், அதிகாரி உள்ளே போவார். இரண்டும் சேர்ந்ததுதான் கோட்பாடு.

நம் சபைகளில் யாராவது கணக்குக் கேட்டால் உடனே வேதத்திலிருந்து சங்கீதம் 105 வரும்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." கேட்டவர் வாயடைத்துப் போவார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தையும் எடுத்துக்காட்டுவார்கள், இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் பிராது ஏற்கக்கூடாது என்று. அது 19-ஆம் வசனம். அதற்கு அடுத்த வசனத்தை அவ்வளவாக நான் பிரசங்கத்தில் கேட்டதில்லை: "மற்றவர்களுக்குப் பயமுண்டாகும்படி, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்." ஒரு வரி தள்ளித்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். பெந்தெகொஸ்தே வழியில் ஞானஸ்நானம் என்பது பெறுகிறவரின் விசுவாச அறிக்கை, அதனால் கொடுப்பவரைப் பற்றிய கேள்வி குறையத்தான் வேண்டும். ஆனால் அங்கேதான் பாஸ்டரின் 'அபிஷேகம்' பெரிதாகப் பேசப்படுகிறது. இவர் கைவைத்து ஜெபித்தால் நடக்கும், அவர் ஜெபித்தால் நடக்காது என்று கூட்டம் ஆளைப் பார்த்து ஓடுகிறது. டொனாட்டஸ் போய் 1,600 வருஷத்துக்கு மேலாகிறது, அவர் கேள்வி நம் ஊரில் நன்றாகவே இருக்கிறது. இப்படி ஓடும் கூட்டம் பாஸ்டருக்கும் நல்லது செய்வதில்லை. தனக்கு மனச்சோர்வு, கடன், வீட்டில் சண்டை என்று யாரிடமும் அவர் வாய்திறக்க முடியாது. திறந்தால் அபிஷேகம் போய்விட்டது என்பார்கள்.

அகஸ்டின் வாய்திறந்தார். ஆயரான பிறகு எழுதிய தன்வரலாற்றில், இளமையில் செய்த பாவங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், இன்றைக்கும் தன்னை இழுப்பவை எவை என்று வரிசையாக எழுதிவைத்தார். சாப்பாட்டில் பசி எங்கே முடிகிறது, ருசி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. யாராவது புகழ்ந்தால் மனம் குளிர்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதைப் பார்த்தால் கவனம் அங்கே போய்விடுகிறது. ஓர் ஆயர் பல்லியைப் பற்றி எழுதுவாரா? எழுதினார். 'உங்களுக்காக நான் ஆயர், உங்களோடு நான் கிறிஸ்தவன்' என்று சபையாரிடம் சொன்னவரும் அவர்தான்.

அவரிடம் அவர் கண்ணுக்குத் தெரியாத குறையும் இருந்தது. 411-இல் கார்த்தேஜில் அரசு அதிகாரி முன்னிலையில் இரு தரப்பிலிருந்தும் 500-க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினார்கள். பொல்லாதவர்களோடு உட்காரமாட்டேன் என்ற சங்கீத வசனத்தைச் சொல்லி டொனாட்டிஸ்ட் ஆயர்கள் நின்றுகொண்டே வாதாடினார்கள். தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. பிறகு அபராதம், சொத்துப் பறிப்பு, நாடுகடத்தல். வாதத்தால் மட்டுமே ஜெயிக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்த அகஸ்டின், அதற்கும் சில வருஷம் முன்பே மனம் மாறி, அரசின் கட்டாயத்தை ஆதரித்து எழுதத் தொடங்கியிருந்தார். விருந்துக்கு ஆட்களை 'வருந்திக் கூட்டிக்கொண்டுவா' என்ற உவமை வசனத்தை அதற்குத் துணைக்கு இழுத்தார். பல நூற்றாண்டுகள் கழித்தும் மதத்தின் பேரால் ஆட்களை வதைத்தவர்கள் அவர் எழுத்தை ஆதாரம் காட்டினார்கள். ஊழியரின் குறை அருளைத் தடுக்காது என்று சொன்னவரின் பெரிய குறை, அந்த வாதத்தை ஜெயிக்க வைத்த முறையிலேயே இருந்தது என்பது என் எண்ணம்.

சித்திக்கு அப்புறம் போனில் பதில் சொன்னேன். செல்லும் என்றேன். "அப்போ அந்த ஐயருக்கு?" என்று கேட்டார். அவருக்கும் செல்லும், ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்றேன். "அது கொடுக்கலையே" என்று சிரித்தார்.

430-ஆம் ஆண்டு கோடையில் வாண்டல் என்ற ஜெர்மானிய இனத்தாரின் படைகள் ஹிப்போ நகரத்தை முற்றுகையிட்டிருந்தன. அகஸ்டினுக்குக் காய்ச்சல், வயது 75. ஆயராகி 30 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நல்ல பெயர் எடுத்த கிறிஸ்தவர்களும் சரி, ஆயர்களும் சரி, மனந்திரும்பாமல் சாகக்கூடாது என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு என்று உடனிருந்த நண்பர் பொசிடியஸ் எழுதியிருக்கிறார். தாவீதின் மன்னிப்புச் சங்கீதங்களைத் தாள்களில் எழுதித் தன் படுக்கைக்கு எதிரே சுவரில் ஒட்டச் சொன்னார். வைத்தியர் வரும்போதும் சாப்பாடு கொண்டுவரும்போதும் தவிர யாரும் உள்ளே வரவேண்டாம் என்றார். சுமார் பத்து நாள், சுவரைப் பார்த்துப் படித்துப் படித்து அழுதுகொண்டு கிடந்தார்.